தாத்தா ஏன் குட்டைத் துப்பாக்கியை எடுத்துப் போனார்?

சேலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "என் தாத்தா ஏற்காட்டில் காப்பித் தோட்டக் காவலராக இருந்தவர். உரிமம் பெற்ற இரண்டு நாட்டுத் துப்பாக்கிகள் அவரிடம் இருந்தன. இரண்டும் வாய்வழியாக மருந்து கெட்டிப்பவை. ஒன்று ஆள் தோள் உயரம், மற்றது இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. நீளமானதை அவர் வீட்டை விட்டு வெளியே எடுத்ததே இல்லை என்று பெரியப்பா சொல்கிறார். குழல் நீளமாக இருந்தால்தானே குண்டு தூரமும் போகும், குறியும் தப்பாது? தாத்தா ஏன் குட்டையானதை எடுத்துப் போனார்?"

உங்கள் தாத்தா செய்தது சரி, தம்பி. அந்த மலையில், அந்த வேலைக்கு, நானும் குட்டையானதைத்தான் எடுத்திருப்பேன். சேலத்தில் லேத் பட்டறையில் கைபழகியவன் நான். பிறகு வேலை நிமித்தமாக ஐந்து ஆண்டுகள் இங்கிலாந்தில் இருந்தபோது, கரிமருந்துத் துப்பாக்கிகளை, அதாவது பழைய காலக் கறுப்பு வெடிமருந்துத் துப்பாக்கிகளை, மட்டுமே சுடும் ஒரு சங்கத்தில் சேர்ந்திருந்தேன். 39 அங்குலக் குழல் கொண்ட என்ஃபீல்டு என்னும் பழைய பிரிட்டிஷ் இராணுவ ரைபிளையும், அதே குடும்பத்தில் பிறந்த 24 அங்குலக் குழல் பீரங்கிப்படைக் கார்பைன் என்னும் குட்டை ரைபிளையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிச் சுட்டிருக்கிறேன். ஆகவே கேள்விப்பட்டதை மட்டும் வைத்துச் சொல்லவில்லை.

நீளக் குழலே மேல் என்று நினைப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியைச் சுடும் கணத்தில் வைத்தே பார்க்கிறார்கள். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைக் கெட்டிக்கும் நேரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்றைய துப்பாக்கியில் தோட்டா பின்பக்கமாக நுழைகிறது. அதன் குழல் எவ்வளவு நீண்டிருந்தாலும் கை அங்கே போக வேண்டிய தேவையில்லை. பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு வேட்டுக்கும் உங்கள் கை குழலின் வாய்க்குப் போயாக வேண்டும். அளந்த மருந்தைக் கொட்ட வேண்டும், ரவையையோ குண்டையோ போட வேண்டும், குழலுக்கு அடியில் செருகியிருக்கும் கெட்டிக்கும் கம்பியை உருவித் திருப்பி உள்ளே விட்டு அடிவரை இடிக்க வேண்டும், கம்பியை மறுபடி அதன் இடத்தில் செருக வேண்டும். அதன்பிறகுதான் குதிரை என்னும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை வைப்பது.

இதை அளவோடு பார்த்தால் விஷயம் விளங்கும். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் முழு நீளம் 55 அங்குலம், அதாவது ஏறக்குறைய 140 சென்டிமீட்டர். கட்டையை, அதாவது மரப்பிடியின் அடியை, தரையில் ஊன்றினால் நடுத்தர உயரமுள்ள நம் ஊர்க்காரருக்குக் குழலின் வாய் தோளுக்கு வந்துவிடும். அதன் மேல் ஒரு மீட்டர் கம்பியை நிறுத்துங்கள். கம்பியின் நுனி 240 சென்டிமீட்டரில் நிற்கும். சமதளத்தில், திறந்த வெளியில், பயிற்சி பெற்ற சிப்பாய்க்கு இது ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு மூன்று வேட்டு சுடுவான். காப்பித் தோட்டத்தில் என்ன ஆகும்? தலைக்கு மேல் சில்வர் ஓக் கிளை, அதில் மிளகுக் கொடி. இரண்டு பக்கமும் காப்பிச் செடி, தோட்டத்தின் ஓரம் முழுக்க உண்ணிச்செடிப் புதர். கால் நிற்பதோ சரிவில். மேட்டுப் பக்கம் கட்டையை ஊன்றினால் வாய் எட்டாது. பள்ளத்துப் பக்கம் ஊன்றினால் துப்பாக்கி வழுக்கும்.

இப்போது கார்பைனை எடுங்கள். 1861 மாதிரி பீரங்கிப்படைக் கார்பைனின் முழு நீளம் ஏறக்குறைய 40 அங்குலம். ஊன்றினால் வாய் இடுப்புக்குச் சற்று மேலே நிற்கிறது. கம்பியை நிறுத்தினாலும் ஆள் உயரத்தைத் தாண்டுவதில்லை. மண்டியிட்டுக் கெட்டிக்கலாம், பாறை மறைவில் உட்கார்ந்து கெட்டிக்கலாம், மடியில் சாய்த்தும் கெட்டிக்கலாம். நீளத் துப்பாக்கியோடு இதில் ஒன்றும் நடக்காது.

என் தாய்மாமா ஒருவர் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். பள்ளி விடுமுறையில் அவரோடு இரவுக் காவலுக்குப் போயிருக்கிறேன். அவர் கையில் இருந்தது நீளத் துப்பாக்கி. காட்டுப்பன்றியை விரட்ட வெறும் வேட்டுதான் போடுவார். குண்டு கெட்டிக்கவே மாட்டார். ஒரு நாள் மழை ஓய்ந்த பிறகு சரிவில் இறங்கும்போது கால் இடறி, தோளில் சாய்த்திருந்த துப்பாக்கியின் வாய் எதிர் மேட்டில் போய்க் குத்தியது. எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை. கெட்டிப்பதற்காகக் கம்பியை விட்டபோதுதான் நுனியில் நான்கு விரற்கடைக்குச் செம்மண்ணும் இலையும் அடைத்திருப்பது தெரிந்தது. அதற்கு முன்பே கெட்டித்து வைத்திருந்து அப்படியே விசையை இழுத்திருந்தால் குழல் வெடித்திருக்கும். மாமா அன்று இரவு முழுக்கப் பேசவே இல்லை. அடுத்த வருடம் நான் போனபோது அவரிடம் குட்டைத் துப்பாக்கி இருந்தது. குட்டைக் குழல் மண்ணில் குத்தவே குத்தாது என்று சொல்ல வரவில்லை. குழலின் வாய் கண் பார்வைக்குள், கை எட்டும் இடத்தில் இருந்தால் அது எங்கே உரசுகிறது என்று நமக்குத் தெரிகிறது.

இனி உங்கள் கேள்வியின் மறுபாதி, தூரமும் குறியும்.

குழல் நீண்டால் வேகம் கூடும் என்பது உண்மை. எரிந்த மருந்தின் வாயு குண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும் தூரம் அதிகம். ஆனால் குண்டு நகர நகர அதன் பின்னால் இடம் பெருகுகிறது, வாயுவின் அழுத்தம் விழுகிறது. முதல் பத்து அங்குலம் செய்யும் வேலையில் சிறு பங்கைத்தான் கடைசிப் பத்து அங்குலம் செய்கிறது. ஆகவே 39 அங்குலத்தை 24 ஆக்கினால் வேகம் குறையும், ஆனால் குழல் குறைந்த விகிதத்தில் குறையாது. குட்டைக் குழலில் மருந்தைக் கூட்டிப் போட்டு இதை ஈடுசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. பெரிய தவறு. கூடுதல் மருந்தில் பெரும்பகுதி வெளியே நெருப்பாகவும் சத்தமாகவும் போகும், தோள்தான் வாங்கும். பிரிட்டிஷ் இராணுவமே நீள ரைபிளுக்கு இரண்டரை டிராம், அதாவது 4.4 கிராம் மருந்து வைத்தது. கார்பைனுக்கு அதை இரண்டு டிராமாக, ஏறக்குறைய 3.5 கிராமாகக் குறைத்தது.

குறி விஷயத்தில்தான் மக்கள் மனத்தில் பெரிய குழப்பம் இருக்கிறது. குண்டை நேராகச் செலுத்துவது குழலின் உள்ளே திருகுபோல ஓடும் வரிப்பள்ளம். அது குண்டைச் சுழற்றிவிடுகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போலச் சுழலும் குண்டு திசை மாறாமல் போகிறது. 39 அங்குல என்ஃபீல்டில் மூன்று பள்ளங்கள்; 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது அதன் திருகு. குழலே அதில் பாதிதான். ஆகவே குண்டு அரைச் சுற்றுதான் சுற்றி வெளியே வருகிறது. 24 அங்குலக் கார்பைனிலோ ஐந்து பள்ளங்கள், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதிலும் குண்டு அரைச் சுற்று சுற்றித்தான் வெளியே வருகிறது, ஆனால் அந்தச் சுழற்சி இறுக்கமானது. குழல் குட்டை, ஆகவே அதிர்வும் குறைவு. சங்கத்தில் 50 மீட்டர் தூரத்து இலக்கு அட்டையில் என் கார்பைன் போட்ட ஓட்டைகள் நீள ரைபிள் போட்டவற்றைவிட நெருக்கமாகவே இருந்தன. முதலில் என் கையின் பழக்கம் என்று நினைத்தேன். என்னைவிடத் தேர்ந்த கிழவர் ஒருவர் இரண்டையும் வாங்கிச் சுட்டுப் பார்த்து அதையே காட்டினார்.

நீளம் மட்டும் குறியைத் தராது என்பதற்கு நம் வரலாற்றிலேயே கசப்பான சாட்சி இருக்கிறது. 1857 எழுச்சிக்கு முன்னால் கம்பெனிச் சிப்பாய்க்கு என்ஃபீல்டு ரைபிள் வரத் தொடங்கியிருந்தது. அதன் தோட்டாவில் தடவிய கொழுப்புதான் தீப்பொறி ஆனது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு ஆங்கிலேய அரசு என்ன செய்தது தெரியுமா? இந்தியச் சிப்பாய்க்கென்று தனியாக ஒரு துப்பாக்கி செய்தது. வெளித்தோற்றம் அப்படியே என்ஃபீல்டு. அதே 39 அங்குல நீளம், அதே கட்டை, அதே பட்டைகள். குழலின் உள்ளே மட்டும் வரிப்பள்ளம் இல்லை; வழுவழுப்பாகக் கடைந்து விட்டார்கள். வெள்ளைச் சிப்பாயின் குண்டு நூற்றுக்கணக்கான கெஜம் குறியோடு போகும். அவன் பக்கத்தில் நின்ற நம் ஆளின் குண்டு நூறு கெஜம் தாண்டினால் எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. நீளத்தை விட்டுவைத்து குறியை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தத் துப்பாக்கியைப் பற்றிப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. லேத்தில் வேலை செய்தவன் என்பதால், கடைசல் உளி அந்தப் பள்ளங்களுக்கு இடமே தராமல் வழித்துச் செல்வது கண்முன்னே தெரிந்தது.

அப்படியானால் காலாட்படைக்கு எதற்கு அவ்வளவு நீளம்? இரண்டு காரணம். சிப்பாய்கள் இரண்டு வரிசையாக நெருங்கி நின்று சுட்டார்கள். பின்வரிசைக்காரனின் குழல் வாய் முன்வரிசைக்காரனின் காதைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் நிற்பவன் வெந்துபோவான். இரண்டாவது, முனையில் சனியன் என்னும் குத்துக்கத்தியை (பயோனெட்) மாட்டினால் துப்பாக்கி ஈட்டியாக வேண்டும். பாய்ந்து வரும் குதிரைக்காரனை எட்டிக் குத்த நீளம் வேண்டும். உங்கள் தாத்தா வரிசையில் நிற்கவில்லை, குதிரைப்படையையும் எதிர்க்கவில்லை.

வரிசையில் நிற்காத படைப்பிரிவுகள் அப்போதே குட்டையானதைத்தான் கேட்டு வாங்கின. குதிரைக்காரர்களுக்கென்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பேஜெட் கார்பைனின் குழல் வெறும் 16 அங்குலம். குதிரை மேல் ஆடிக்கொண்டே கெட்டிக்கும்போது கம்பி கை நழுவி விழுந்துவிடக் கூடாது என்று அதைக் குழல் வாயிலேயே ஒரு கீலில் கோத்திருந்தார்கள். கப்பற்படைக்கு 33 அங்குலம். பீரங்கிக்காரனுக்கு 24, அவனுக்கு இரண்டு கையும் பீரங்கி வேலைக்கு வேண்டும், துப்பாக்கி முதுகில் தொங்க வேண்டும். காப்பித் தோட்டக் காவலனின் நிலை இந்தப் பீரங்கிக்காரனுக்கு நெருக்கமானது. ஒரு கையில் விளக்கு, இன்னொரு கையில் கொத்துக்கத்தி, முதுகில் துப்பாக்கி.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அதையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியாக் காடுகளில் வாழ்ந்தவர்கள் 40 அங்குலத்துக்கும் மேற்பட்ட குழலோடு அல்லவா திரிந்தார்கள், அதுவும் காடுதானே? உண்மை. ஜெர்மனியிலிருந்து அவர்கள் கொண்டுவந்தது 30 அங்குலத்தை ஒட்டிய, வாய் அகன்ற குட்டை ரைபிள்தான். புதிய நாட்டில் ஈயமும் மருந்தும் அரிது. ஆகவே வாயைச் சிறிதாக்கிக் குழலை நீட்டி, ஒவ்வொரு தூள் மருந்திலிருந்தும் முழுப் பலனைப் பிழிந்தார்கள். மரத்தில் சாய்த்து, நேரம் எடுத்துச் சுட்டார்கள். அவர்களின் பேரன்மார் குதிரை ஏறி மேற்குச் சமவெளிக்குப் போனபோது குழல் மறுபடி குட்டையானது, வாயும் அகன்றது. தேவை மாறினால் அளவும் மாறும்.

நீளத்தின் பக்கம் உண்மையான நியாயம் ஒன்று உண்டு. குறிபார்க்கக் குழலின் மேல் வைத்திருக்கும் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையிலுள்ள தூரம். நீளத் துப்பாக்கியில் அது 75 சென்டிமீட்டர், குட்டையானதில் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்குறியை வைப்பதில் கண் கால் மில்லிமீட்டர் தவறினால், 45 மீட்டர் தூரத்தில் நீளத் துப்பாக்கி 1.5 சென்டிமீட்டர் தவறும், குட்டை 2.5 சென்டிமீட்டர் தவறும். அட்டையில் புள்ளிக்காகச் சுடுபவருக்கு இந்த ஒரு சென்டிமீட்டர் பெரிது. ஐப்பசி மழையில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை மேல் பனிமூட்டம் இறங்கினால் முப்பது அடிக்கு அப்பால் நிற்கும் மரம் தெரியாது. அங்கே இது கணக்கிலேயே வராது. பரந்த சமவெளியில் அட்டைச் சுடுதல் என்றால் நீளக் குழலை எடுங்கள், நானே எடுத்துத் தருவேன்.

கரிமருந்தின் கசடு பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த மருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக்கசடாகத் தங்கும். நான்கைந்து வேட்டுக்குப் பிறகு குழலுக்குள் பிசுக்கு ஏறி, கம்பி இறங்க மறுக்கும். அந்தக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 1,500 மீட்டர் உயரத்தில் மழைமாதக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு இரவு கழுவாமல் விட்டால் காலையில் துரு. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். 24 அங்குலத்தைக் கழுவுவது 39 அங்குலத்தைக் கழுவுவதைவிட எவ்வளவோ சுலபம். காவலுக்குப் போய் விடியற்காலையில் களைத்து வருபவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. கழுவாத துப்பாக்கி நாளை நம்மையே கடிக்கும்.

குட்டைக்கும் குறைகள் உண்டு. சத்தமும் வாய் நெருப்பும் முகத்துக்கு அருகில் வரும். கெட்டிக்கும்போது வாய் நெஞ்சுக்கு நேராக நிற்கும். உடம்பை விட்டுச் சாய்த்துப் பிடிக்கும் பழக்கம் கைக்கு வராதவரை அது ஆபத்து. எடை குறைந்ததால் தோளில் உதையும் அதிகம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். குட்டையாகச் செய்யப்பட்ட துப்பாக்கி வேறு, குட்டையாக அறுக்கப்பட்ட துப்பாக்கி வேறு. இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள நீளத் துப்பாக்கியை யாரும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம். உரிமம் இல்லாமல் குழலை அறுப்பதை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவு தடுக்கிறது. அதே சட்டத்தின் 13-வது பிரிவு உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் தர வழிசெய்கிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ வழுவழுப்பான குழல் என்றால் குறைந்தது 20 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது. பழைய பொருள் என்பதால் சட்டம் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாதது என்றால்தான் அந்த விலக்கு. சுடக்கூடியது எவ்வளவு பழையதானாலும் உரிமம் வேண்டும். உரிமம் இருந்தாலும் காட்டு விலங்கைச் சுட அது அனுமதி ஆகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக நிற்கிறது. தோட்டத்துக்குள் வரும் காட்டுமாட்டின் மேல் ஒரு பால்ரஸ் குண்டு பட்டாலும் வழக்குதான்.

உங்கள் தாத்தாவின் குட்டைத் துப்பாக்கி பிறவியிலேயே குட்டையா என்று அறிய ஆசையாக இருந்தால், உரிமம் வைத்திருப்பவர் உடனிருக்க இரண்டு இடங்களைப் பாருங்கள். கட்டையின் முன்னுனியில் உலோகக் குப்பி (மூடி) அழகாகப் பொருந்தியிருக்கிறதா, அல்லது மரம் அறுபட்டு மொட்டையாக நிற்கிறதா? முன்குறி குழலோடு நெடுநாள் வாழ்ந்ததுபோல் ஒரே நிறத்தில் இருக்கிறதா, அல்லது பிற்காலத்தில் பற்றவைத்த தடம் தெரிகிறதா?

கெட்டிக்கும் கம்பியையும் கையில் வாங்கிப் பாருங்கள். அந்தக் காலத்துக் காவலர்கள் பலர் கம்பியில் இரண்டு கீறல் போட்டிருப்பார்கள். குழல் காலியாக இருந்தால் கம்பி ஒரு கீறல் வரை இறங்கும், கெட்டித்திருந்தால் மற்றக் கீறலோடு நின்றுவிடும். இருட்டில் விளக்கு இல்லாமல் விரலால் தடவியே துப்பாக்கியின் நிலையைத் தெரிந்துகொள்வார்கள். உங்கள் தாத்தாவின் கம்பியிலும் கீறல் இருந்தால் அவர் விரல் பட்டுப்பட்டு அது மழுங்கியிருக்கும். பல பத்தாண்டுகளாகச் சும்மா இருக்கும் துப்பாக்கிக்குள் பழைய மருந்து உறங்கிக்கொண்டிருக்கவும் கூடும். ஆகவே சோதிப்பதை நீங்கள் செய்ய வேண்டாம். உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுநரிடம் கொடுத்து முதலில் குழலைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகு அந்தக் கம்பியைப் பெரியப்பாவிடம் கொடுத்து, எந்தக் கீறல் எதற்கு என்று கேளுங்கள். அவருக்கு நினைவிருந்தால் எனக்கும் எழுதுங்கள்.